திருடன் நிறம்

கவலைப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு கலர் அக்காவுக்குத்தான். பரிசை வாங்க மேடையேறும்போது படி தடுக்கிவிடுமோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டே போவார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம்வரை வந்து, பூட்டினோமா இல்லையா என்று திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் கயித்துல தொங்குற பெட்டி மேல நாள் முழுக்க நின்னு வேலை பாக்கிறேன், எனக்கு ஒரு பயமும் இல்ல. நீ உக்காந்த இடத்துல படம் வரைஞ்சுட்டு இப்படி நடுங்குறியே" என்பார்.

படம் வரைவது அவர் வேலையே இல்லை. இத்தனை வருடமாகச் சொல்லியும் கணவர் மண்டையில் அது ஏறவில்லை. ஓவியர் எங்கிருந்தோ கறுப்புக் கோட்டில் வரைந்து அனுப்புவார். அந்தக் கோடுகளுக்குள் நிறம் நிரப்புவதுதான் அக்காவின் வேலை. அதற்கு முன்னால் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலந்துகொடுத்தார். உடைந்த ஓட்டுச் சில்லைக் கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்" என்பார்கள். கண்ணால் பார்த்தே கலந்துவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் சித்திரக்கதை அலுவலகத்தில் எடுத்தார்கள். செருப்புக் கடைக்கு மேலே நாலாவது மாடி, ஜன்னலோரம் ஒரு கணினி, முதுகுக்குப் பின்னால் மாதிரித்தாள்கள் குத்துகிற மென்பலகை. அலுவலகத்தில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது.

அந்த அலுவலகத்துக்குச் சோறு போட்டவன் வான்காவலன். நீல மேலங்கி, வெள்ளி முகமூடி, பறந்துவந்து ஊரைக் காப்பாற்றுகிறவன். அவனைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் மரியாதையாகச் சொல்வார்கள். அவருக்கான நிறங்களெல்லாம் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சேமிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். மேலங்கி, முகமூடி, இரவு வானம், சாலை. அதில் ஒரு கட்டத்தின் பெயர் 'தோல்'. வெளுப்பில் லேசாகச் சிவப்பு கலந்த நிறம். பெரியவருக்கு அதுதான், அவர் காப்பாற்றுகிற மக்களுக்கும் அதுதான். அதற்குக் கீழே அடர்ந்த பழுப்பில் ஒரு கட்டம் இருந்தது. அதன் பெயர் 'திருடன்'.

பெயர் வைத்தது அக்கா இல்லை. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வைத்துவிட்டுப் போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டத்தின் பெயரையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் போதும். அவருடைய கைக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

அவர் மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது பள்ளியில் மாறுவேடம் போட்டு வரச் சொன்னார்கள். பழைய நீலத் திரைச்சீலையை வெட்டி மேலங்கி தைத்து, பால் டின் மூடியில் முகமூடி செய்து அனுப்பிவைத்தார். அம்மா வேலை பார்க்கிற புத்தகத்தின் நாயகன் என்று குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது மேலங்கி பைக்குள் சுருட்டிக் கிடந்தது.

"அம்மா, நான் வான்காவலன் இல்லியாம். திருடனாம். புத்தகத்தைத் திறந்து காட்டினாங்க. என் கலர்ல இருக்கிறவன் திருடன்தானாம்."

"அவங்க கெடக்குறாங்க, நீ வா" என்று தூக்கிக்கொண்டார். சொன்னாரே தவிர, குழந்தை காட்டிய அந்தப் பக்கத்துக்கு நிறம் போட்டது யார் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் நிறம் போட வந்த பக்கத்தில் ஒரு திருடன் இருந்தான். கை அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அதற்குள் இதழாசிரியர் அறையிலிருந்து "அக்கா, பக்கம் ஆச்சா?" என்று குரல் வர, ஆச்சு என்று அழுத்திவிட்டார். அன்றைக்குத் தொண்டையில் சிக்கிய முள், பிறகு வந்த வருடங்களில் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அங்கேயே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான்.

மகள் வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். பெரியவர் மட்டும் வயதாகாமல் பறந்துகொண்டிருந்தார். ஆனால் விற்பனைக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆசிரியர் என்றால் விறைப்பான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளிக்கும் வாசகருக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மனிதர்.

"பெரியவரை அனுப்பிடலாம்னு முடிவு பண்ணியிருக்கு" என்றார். "சண்டையில அடிபட்டு ஆஸ்பத்திரில சாகிறார். சாகறதுக்கு முன்னாடி முகமூடிய ஒரு பொண்ணுகிட்ட குடுத்துட்டுப் போறார். அங்க போர்வை துவைக்கிற பொண்ணு. கறுப்பா, நம்ம தெருவுல தினமும் பாக்கிற மாதிரி பொண்ணு. இனிமே அவதான்."

அன்று முதல் அவளுக்கு அலுவலகத்தில் 'புதுப்பொண்ணு' என்று பெயர் விழுந்தது. கல்யாணமாகி வந்த மருமகள் மாதிரியே எல்லோர் வாயிலும் விழுந்தாள். அறிவிப்பு வெளியானதிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. "பெரியவரைக் கொன்னுட்டு துணி துவைக்கிறவள வைக்கிறீங்களா?" "யாரைத் திருப்திப்படுத்த இந்தக் கூத்து?" விளம்பரப் படத்தில் அவள் ஒரு ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்வதற்கு, பொதுச்சொத்தைச் சேதப்படுத்துகிறாள் என்று ஒருவர் கோபப்பட்டார். பெரியவர் பாதி நகரத்தை இடித்தபோது அவர் எங்கே இருந்தாரோ தெரியாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நடுவே ஒரு சிறுமியும் கூப்பிட்டாள். "எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு கலர் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. இதுவரை கவலைப்பட்டதெல்லாம் பயிற்சி, இதுதான் நிஜம் என்பது போல ஒரு கவலை. அந்தப் பெண்ணுக்கு முகம் கொடுக்க வேண்டியது அவர். அது சரியாக வராவிட்டால் வேறு யார்மீதும் பழி போட முடியாது.

நிறத்தை வெளியே தேடவில்லை. மகள் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றபோது அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே மனதில் கலந்துவைத்தார். அலுவலகம் வந்து கணினியில் கலந்து முடித்துப் பார்த்தால், அது 'திருடன்' கட்டத்தில் இருந்த அதே நிறம். அச்சு அசலாக அதே.  பிறகு புதிதாக ஒரு கட்டம் திறந்து, அந்த நிறத்தை அதில் வைத்து, 'பொண்ணு' என்று பெயர் போட்டார்.

முதல் இதழின் கடைசிப் பக்கம்தான் உயிர்நிலை. மொட்டை மாடியில் இரவில் அவள் திருடனை மடக்கிப் பிடிக்கிறாள். பிடித்த பிறகு முகமூடியைக் கழற்றுகிறாள். அதுவரை காட்டாத முகம் முழுப் பக்கத்துக்கு வருகிறது. அருகில் திருடன் மண்டியிட்டிருக்கிறான்.

மாதிரித்தாள் அச்சகத்திலிருந்து வந்தது. முகம் இரவுக்குள் மூழ்கிக் கிடந்தது. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. அச்சகத்து மிஷின்காரர் தொலைபேசியில், "அக்கா, நம்ம பேப்பர் மை குடிக்கிற பேப்பர். திரையில இருக்கிறதைவிட இருட்டாத்தான் விழும். நிறத்தைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அக்காவுக்கும் தெரிந்த விஷயம்தான். கொஞ்சம் இறக்கினார்.

இரண்டாவது தாள் வந்தது. "பரவால்ல, ஆனா மூக்கு இன்னும் எடுப்பா வரல. ஒரு சொட்டு குறைங்க" என்றார் ஆசிரியர். குறைத்தார். மூன்றாவதுக்கு, "இப்பதான் களை வந்திருக்கு. இன்னும் லேசா" என்றார். அதுவும் ஆயிற்று. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். புதிய தாள் வந்தால் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே அதே ஊசியில் குத்திவிடுவார்கள். ஒவ்வொரு தாளையும் அதற்கு முந்தியதோடு மட்டும் ஒப்பிட்டு, கொஞ்சம்தானே, ஒரு சொட்டுதானே என்று தலையாட்டினார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே ஒரு பெண்ணின் முகம் தேய்ந்தது. தேய்த்த கை கலர் அக்காவுடையது, ஆனால் அவருக்கே அது தெரியவில்லை. கடைசித் தாளில் ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். மதியம் கோப்பு அச்சகத்துக்குப் போயிற்று. சாயங்காலம் அச்சுத்தகடு போடுவதாக மிஷின்காரர் சொன்னார்.

அன்று மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அம்மாவை அழைத்துப் போக மகள் வந்திருந்தாள். அக்கா பையை எடுத்துக்கொண்டிருந்தபோது பலகை முன்னால் நின்றாள்.

"இது யாரும்மா?"

"புதுப்பொண்ணுதான். வேற யாரு?"

"அது தெரியுது. முகத்தைச் சொல்றேன். பெரியவருக்குத் தங்கச்சியா?"

அக்காவின் கை பையிலேயே நின்றது.

மகள் திருடனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இவன்தான்மா நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்கான்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சிரித்துக்கொண்டு சொன்னாள், பழகிப்போனவர்கள் சிரிப்பது போல. அக்கா எழுந்துபோய் ஊசியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். அடியில் முதல் தாள். அதில் இருட்டுக்குள் மகளின் நிறத்தில் ஒரு முகம். மேலே கையெழுத்தோடு வேறொருத்தி. 

இரண்டு தாளையும் ஆசிரியர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நாமதானே செஞ்சோம்" என்றார் மெதுவாக.

"ஆமா சார். மாத்திக் குடுத்துடுறேன். தகடு போடறதுக்கு முன்னாடி."

"மாத்தி? திரும்ப முகம் தெரியாமப் போச்சுன்னா? கடைசிப் பக்கத்துல நாயகி முகமே தெரியலைன்னா கடைக்காரங்க கட்டுக்கட்டாத் திருப்பி அனுப்புவாங்க. 'பாத்தீங்களா, எடுபடல'ன்னு சொல்லி முதலாளி அடுத்த மாசமே பெரியவரை எழுப்பிக் கொண்டாந்துடுவார். இந்தப் பொண்ணு ஒரே புத்தகத்தோட முடிஞ்சா. அது உங்க தலைலதான் விடியும், சொல்லிட்டேன்."

"முகம் தெரியும் சார். நான் பொறுப்பு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பூட்டிய பூட்டையே நம்பாத மனுஷி, எதை நம்பிப் பொறுப்பேற்றார்? மிஷின்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சினார். "இந்த ஷிப்ட் முடியறதுக்குள்ள அனுப்பிடுங்கக்கா, அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் அவர்.

'பொண்ணு' கட்டத்தில் பழைய நிறத்தை மறுபடி வைத்தார். முகம் உடனே இரவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. கன்னத்தில் ஒளிக்கோடு போட்டுப் பார்த்தார். எண்ணெய் வடிகிற மாதிரி இருந்தது. அழித்தார். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்தார். ஒட்டிவைத்த படம் மாதிரி ஆயிற்று. அதையும் அழித்தார்.  மிஷின்காரர் சொன்னதுதான் உண்மையோ, ஆசிரியர் சொன்னதுதான் சரியோ, அச்சுத்தொழிலுக்கே இந்த நிறம் ஒத்துவராதோ என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிடுவார்கள் என்ற எண்ணம் அவளுக்கு. "இவ்ளோ இருட்டுல நின்னா யாருக்குத்தாம்மா முகம் தெரியும்?" என்று அலுத்துக்கொண்டாள்.

அக்கா திரையைப் பார்த்தார். 'இரவு வானம்.' கரிய நீலம். பெரியவருடைய வெளுத்த முகம் எடுப்பாகத் தெரிவதற்காக, பெரியவருக்கென்று கலந்துவைத்த வானம். புதியவளையும் கொண்டுவந்து அதே வானத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, உன் முகம் தெரியவில்லை, நீ கொஞ்சம் வெளுத்துக்கொள் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவளைத்தான் தேய்த்திருக்கிறார்கள். வானத்தைத் தொட ஒருவருக்கும் தோன்றவில்லை. நிறத்தோடு குடும்பம் நடத்துகிற தனக்கே தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வானத்தை மாற்றினார். அடியில் வெளிர்மஞ்சள், மேலே போகப்போகச் சாம்பல் கலந்த ஊதா. அவ்வளவுதான். முகம் முன்னால் வந்து நின்றது. நெற்றி, மூக்கு, கழற்றிய முகமூடியின் அழுத்தம் பதிந்த கன்னம், எல்லாம் தெரிந்தன. ஒரு சொட்டுகூடக் குறைக்கவில்லை.

ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். "கதையில ராத்திரின்னு இருக்கே?"

"துரத்திப் பிடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிருக்கும் சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. விடியல் வெளிச்சத்தில் நாயகியும் திருடனும் ஒரே நிறத்தில் பளிச்சென்று தெரிந்தார்கள். ஒரே நிறம்தானே, கட்டத்தின் பெயர்தானே வேறு. அவனை அப்படியே விட அக்காவுக்கு மனம் வரவில்லை. பைக்குள் சுருட்டிக் கிடந்த நீலத் திரைச்சீலை கண்ணில் நின்றது. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று, யோசிக்காமல் 'தோல்' கட்டத்தைத் தொட்டுத் திருடனுக்கு நிரப்பினார்.  யாரிடமும் சொல்லாமல் கோப்பை அனுப்பினார்.

அதற்குப் பிறகு புத்தகம் வரும்வரை அவர் பட்ட பாட்டை எழுத ஆரம்பித்தால் இடம் போதாது. மை கூடுதலாக விழுந்துவிடுமோ, வானம் பச்சையடித்துவிடுமோ, தகடு மாறிப் பழைய பக்கமே ஓடிவிடுமோ. "பூட்டை இழுத்துப் பாத்தாச்சில்ல, இனி தூங்கு" என்றார் கணவர். அவருக்கு எல்லாமே பூட்டுதான்.

புத்தகம் வந்தது. அக்கா நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவள் இருந்தாள். மகளின் நிறத்தில், விடியல் வானத்துக்கு முன்னால், நேராகப் பார்த்துக்கொண்டு. அக்கா புத்தகத்தை மூடிவிட்டு, மாறிவிடவில்லையே என்று மறுபடி திறந்து பார்த்தார். சந்தோஷம்தான், ஆனால் அவருக்குச் சந்தோஷம்கூட பயம் மாதிரிதான் வரும்.

ஆசிரியரும் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "திருடன் வெளுத்துப்போயிருக்கானே?"

"மாட்டிக்கிட்டான்ல சார், பயத்துல வெளுத்துட்டான்."

அவர் சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை நிறுத்தி, "இனி வர்ற போனையெல்லாம் நீங்களே எடுங்க. பொறுப்புன்னு சொன்னீங்கல்ல" என்றார்.

புத்தகம் கடைகளுக்குப் போன மறுநாள் காலையிலேயே தொலைபேசி அடித்தது. திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஒரு ஆண் குரல். கத்தவில்லை.

"புத்தகம் பாத்தேம்மா. பொண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் சண்டை போடுது. அந்தத் திருடன்தான்…"

"சொல்லுங்க சார்."

"இவ்ளோ நாள் திருடன் ஒரு மாதிரி இருப்பான், அது பாட்டுக்கு இருந்துச்சு. இப்ப அவனுக்கு எங்க நிறத்தைப் போட்டிருக்கீங்க. ராத்திரி என் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன். கடைசிப் பக்கம் வந்ததும் மூஞ்சி சுருங்கிப்போச்சு. நம்மளை மாதிரி இருக்கிறவங்கதான் திருடுவாங்களாப்பான்னு கேக்கிறான். நான் என்னன்னு சொல்றது? சின்னப் பிள்ளை மனசு என்ன பாடுபடும், நீங்களே சொல்லுங்க."

  யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. அதுவும் அக்காவின் கையால்தான்.

"ரொம்பப் பாடுபடும் சார். எனக்குத் தெரியும்" என்றார். "என் பொண்ணும் எட்டு வயசுல இதையேதான் கேட்டா. அப்ப திருடன் அவ நிறத்துல இருந்தான். அப்புறம் பல வருஷம் அப்படியேதான் இருந்தான். ஒரு போன் வரல."

  

"சரிம்மா" என்றார் அந்த மனிதர் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அடுத்த புத்தகத்துல மாத்திடுங்க."

"மாத்துறேன் சார். என்ன நிறம் போடட்டும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.  இருவரும் தொலைபேசியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அடுத்த இதழின் திருடன் இன்னும் நிறம் போடாத வெறும் கோடாக நின்றான்.